தொட்டித் தண்ணி

மாசியில் மழை பெய்தால் கரிசல்காட்டுச் சம்சாரி சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பான். கம்மாயில் நாலு நாளைக்கு ஆடு மாடு வாய் வைக்கத் தண்ணீர் நிற்கும், சரி. களத்தில் காயப்போட்ட மிளகாய் வத்தலுக்கு யார் பதில் சொல்வது? கீழநத்தப்பட்டி செண்பகராஜ் வீட்டு வத்தலில் பாதி அந்த வருஷம் பூசணம் பிடித்துப் போனது. மூடி வைக்க நல்லதாக ஒரு படுதா கிடையாது அந்த வீட்டில்.

அவன் பெண்டாட்டி கிருஷ்ணவேணி கோவில்பட்டிப் பக்கம் ஒரு தீப்பெட்டி ஆபீஸுக்கு வேன் ஏறிப் போய் பெட்டி அடுக்குகிற வேலை பார்க்கிறவள். அங்கே தீக்குச்சி மருந்து கலக்குகிற ரூமுக்குப் பின்னால் வெற்றுச் சாக்குகள் குவிந்து கிடக்கும். பார்க்கப் பார்க்க அவளுக்குக் கை அரித்தது. பிரித்துத் தைத்தால் அருமையான படுதா ஆகுமே! மழை போய் வெயில் திரும்பின பிறகு ஒரு சனிக்கிழமை, யாரிடமும் கேட்காமல் நாலைந்து சாக்கைச் சுருட்டிப் பைக்குள் திணித்துக்கொண்டு வந்துவிட்டாள்.

சாக்கின் மூலைகளில் வெள்ளையாக, ஈரத்தில் இறுகிப்போன உப்பு மாதிரி என்னவோ அப்பிக் கிடந்தது. மாட்டுத் தொட்டியில் முக்கி அலசினாள். அலசின தண்ணீரைத் தொட்டியிலேயே விட்டாள். வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டு வாயைப் பிளக்க வேண்டாம். அந்த ஊரில் தண்ணீரைத் தரையில் கொட்டுகிறவளுக்கு நல்ல பெயர் கிடையாது. அரிசி கழுவினது, பாத்திரம் அலசினது எல்லாம் தொட்டிக்குத்தான் போகும். கொஞ்சம் உப்புக் கரித்தால் மாடு இன்னும் ரெண்டு மடக்குக் கூடக் குடிக்கும் என்று உப்பை அள்ளிப் போடுகிற ஊர் அது. மேய்ச்சலிலிருந்து வந்த ஆடுகளில் முந்திக்கொண்டு ஓடிவந்த ரெண்டு குடித்தன. கட்டுத்தறியில் நின்ற சினைப்பசு குடித்தது. பிந்தி வந்த ஆடுகளுக்குத் தொட்டியில் மிச்சம் இல்லாததால் மாமியார் மாடத்தி குடத்துத் தண்ணீரை ஊற்றினாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது அந்த ரெண்டு ஆடும் காலை நீட்டிக்கொண்டு கிடந்தன. செவலைப் பசு தலையைத் தொங்கப் போட்டு, விலா எலும்பு தெறித்துவிடும்போல மூச்சு வாங்கியது. அந்த வீட்டுக்கு மழை பொய்த்த வருஷத்திலும் அடுப்பு எரிந்ததென்றால் அந்தப் பசுவால்தான். இன்னும் ஒன்றரை மாதத்தில் கன்று போட வேண்டியது. மாடத்தி அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அந்த வட்டாரத்துக் கால்நடை மருந்தகத்தில் டாக்டராக இருப்பவள் சத்யபிரியா. அன்றைக்குக் கோவில்பட்டியில் மாட்டு டாக்டர்கள் மாதம் ஒரு தடவை கூடுகிற கூட்டம். இஸ்திரி கலையாத சேலை கட்டிக்கொண்டு பாதி வழி போனவள், செண்பகராஜின் போன் வந்ததும் ஸ்கூட்டியைத் திருப்பிக்கொண்டு வந்து சேர்ந்தாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சாணியில் உட்கார்ந்தாள்.

"சோளக்குருத்துதான் டாக்டரம்மா," என்றான் செண்பகராஜ். "மழைக்குப் பெறகு அறுத்த சோளத்தட்டையில துளிரு விட்டுருக்குல்லா. ஆடு அதக் கடிச்சிருக்கும், மாட்டுத் தட்டையிலயும் ரெண்டு துளிரு கலந்திருக்கும். போன வருசம் பழைய டாக்டரு ஒரு ஊசி போட்டாரு, மாடு சடக்குன்னு எந்திரிச்சிட்டு. அந்த ஊசியவே போடுங்க."

அவளுக்கும் முதலில் அதே யோசனைதான். துளிர்ச் சோளம் தின்று விஷம் ஏறின கால்நடைகள் அந்த மாதத்தில் எத்தனையோ. குளுகோஸ் பாட்டிலைக் கட்டினாள், மூச்சுக்கு ஊசி போட்டாள், பழைய டாக்டர் போட்ட அந்தச் சோள விஷ மருந்தையும் அளந்து சிரிஞ்சில் இழுத்துவிட்டாள். அப்புறம்தான் எதற்கும் பார்ப்போமே என்று காது நரம்பில் குத்தி, வந்த ரத்தத்தை வெள்ளைப் பஞ்சில் தொட்டாள். சோள விஷமென்றால் ரத்தம் பளீரென்று சிவப்பாக இருக்கும். இது கருப்பட்டிக் காப்பி நிறத்தில் இருந்தது. ஈறைத் தூக்கிப் பார்த்தாள். அதுவும் சாம்பல் பூத்த காப்பி நிறம்.

சிரிஞ்சைக் கீழே வைத்தாள்.

"ஏன் டாக்டரம்மா? போடுங்க."

"இந்த மருந்தும் ரத்தத்தக் கறுக்க வைக்கும். இந்த ரத்தத்துக்கு இத ஏத்துனா நானே கொன்ன மாதிரி ஆயிரும் அண்ணாச்சி. இது சோளமில்ல."

"பெறகு என்னது?"

"தெரியல," என்றாள் டாக்டர்.

அதைக் கேட்டதும், வேடிக்கை பார்க்கக் கூடின ஊர்க்காரர்களோடு நின்ற சண்முகராஜுக்கு வெறும் வாயை மென்றவனுக்கு அவல் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. ஆட்டு வியாபாரி அவன். செத்த ஆட்டை உரிக்கலாம் என்று கத்தியும் சாக்குமாக வந்தவனை, "தொடக் கூடாது, குழி தோண்டிப் புதைக்கணும்" என்று டாக்டர் விரட்டியிருந்தாள். அந்த எரிச்சல் வேறு.

"தெரியலன்னு சொல்லதுக்கா கவர்மெண்டு சம்பளம் குடுக்கு? ஏ செம்பகம், மாட்டுக்கு உசுரு இருக்கையிலேயே என் வண்டியில ஏத்து. காலாகாலத்துல ஏதாவது கெடைக்கும்."

டாக்டர் அவன் பக்கம் திரும்பவில்லை. போனை எடுத்தாள். "ஹரி சார், கூட்டம் ஆரம்பிச்சிட்டா? நல்லதாப் போச்சு. ஸ்பீக்கர்ல போடுங்க. நானும் போடுதேன். ஒரு கேஸ், முன்னாடியே கெடக்கு."

"டாக்டருக்குப் படிச்சவிய இன்னொரு டாக்டர்ட்ட கேக்குதாவ. அப்போ படிச்சது என்னத்துக்கு?" என்று சண்முகராஜ் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி முணுமுணுத்தான். நாலு பேர் சிரித்தார்கள். கிருஷ்ணவேணிக்கே மனசு சங்கடப்பட்டது. பாவம், சின்னப் பொம்பளை. ஊருக்கு நடுவில் இப்படி வெட்டவெளிச்சமாகத் தெரியாது என்று சொல்லலாமா?

போனில் நாற்காலிகள் இழுபடுகிற சத்தம் கேட்டது. டம்ளர் வைக்கிற சத்தம், யாரோ யாரையோ "அமைதியா இரும்வே" என்று அதட்டுகிற சத்தம். சத்யபிரியா ஒன்றுவிடாமல் சொன்னாள். ரெண்டு ஆடு காலி, ஒரு மாடு சினை, ரத்தம் காப்பி நிறம். "மொதல்ல சோளம்னு நெனச்சி அரை மணி நேரத்தக் கோட்ட விட்டுட்டேன் சார். வந்த ஒடனே ரத்தத்தப் பாத்திருக்கணும்."

எதிர்முனையில் யாரும் உச்சுக் கொட்டவில்லை. ஹரிகிருஷ்ணன் என்ற அந்தக் கோவில்பட்டி டாக்டர், "சரி, மருந்த ஏத்தாம நிறுத்துனியே, அது பெருசு. இப்போ கேள்விக்கு வருவோம்," என்றார்.

பிறகு பத்துப் பன்னிரண்டு டாக்டர்கள் ஒரு மாட்டைக் கண்ணால் பார்க்காமலே பார்க்க ஆரம்பித்தார்கள். ஒரு குரல் மக்காச்சோளத் தட்டை போட்டீர்களா என்று கேட்டது. இல்லை. இன்னொரு குரல் உரமூட்டை பக்கத்தில் இருக்கிறதா என்றது. இல்லை. ரெண்டு பேர் தங்களுக்குள் சண்டை போட்டுக்கொண்டார்கள். குளத்தூர்ப் பக்கம் வேலை பார்க்கும் பிரேமலதா என்ற டாக்டரம்மாவின் குரல் எல்லாவற்றையும் அமுக்கிக்கொண்டு வந்தது.

"சும்மா கத்தாதீங்கய்யா. ஏ பிரியா, ஆடு எங்கன மேஞ்சுது?"

"காட்டுல மேடம்."

"மாடு?"

"வீட்டுலயே கட்டிக் கெடந்துருக்கு. வெறும் காஞ்ச தட்டை."

"அப்போ தீவனம் வேற வேற. ரெண்டுக்கும் பொதுவா வாய் வச்சது எது?"

சத்யபிரியா நிமிர்ந்து பார்த்தாள். "தொட்டி."

"மத்த ஆடு?"

"அதுகளுக்குத் தொட்டியில தண்ணி இல்லம்மா. நான் கொடத்துல ஊத்துனேன்," என்றாள் மாடத்தி.

"அவ்வளவுதான். தண்ணியில என்ன விழுந்துச்சுன்னு கேளு."

கிருஷ்ணவேணி திரும்பிப் பார்த்தாள். அலசின சாக்குகள் வீட்டுக்குப் பின்னால் வேலியில் காய்ந்துகொண்டிருந்தன.

"தண்ணியில என்ன விழும்?" என்று மாடத்தி ஆங்காரமாகக் கத்தினாள். "நாங்க குடிக்க தண்ணிக்கே குழாயடியில அடிபுடி!"

"தானா விழாது. எவனோ விழுத்தாட்டிருப்பான்," என்றான் சண்முகராஜ். "வரப்புப் பொழிப் பிரச்சினையில உன்கூட மல்லுக்கு நிக்கிறவன் யாரு? நீயே யோசி செம்பகம்."

அவன் சொன்னது செண்பகராஜின் பெரியப்பா மகன் கோகுலகிருஷ்ணனை. மூன்றாவது வீடு. செண்பகராஜுக்குக் கண் சிவந்துவிட்டது. சார்த்தி வைத்திருந்த தொரட்டியைக் கையில் எடுத்தான். "அவனா? வாயில்லாச் சீவன்ட்டயா காட்டுதான் அவன் ஆம்பளத்தனத்த!"

கிருஷ்ணவேணி சுவரோடு சுவராக நின்றாள். சொன்னால் வீட்டில் கொலை விழும். ஆபீஸில் திருடிப் பட்டம் கட்டி வேலையைவிட்டு நிறுத்துவார்கள். சொல்லாவிட்டால் இன்னொருத்தன் வீட்டு வாசலில் ரத்தம் சிந்தும். பசு அவளைப் பார்த்தபடி முனகியது. ஊமையாகவே இருந்துவிடலாம் என்றுதான் அந்த நேரத்தில் அவளுக்குத் தோன்றியது. உங்களிடம் பொய் சொல்வானேன்?

போன் இன்னும் ஸ்பீக்கரில் இருந்தது. பிரேமலதா டாக்டர் அங்கே, அரை மணி நேரத்தைப் பற்றி என்னவோ முணுமுணுத்த ஒருத்தரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "அவள ஏன் அரை மணி நேரம்னு குத்துதீரு? போன மாசம் உப்பளத்துக் கழுதைய நான் ஒரு நாள் பூரா வேற நோய்க்குப் பாத்துக் கொன்னுட்டு வந்து இதே எடத்துல நின்னு சொன்னேன்லா? நீரு அப்போ எனக்கு வடைதான வாங்கித் தந்தீரு?" அங்கே சிரிப்புச் சத்தம் கேட்டது. இங்கே சத்யபிரியாவும் ஒரு கையால் மாட்டின் நாடியைப் பிடித்துக்கொண்டே சிரித்தாள்.

படித்தவர்கள், பெரிய உத்தியோகத்தில் இருக்கிறவர்கள், நான் கொன்றேன் என்று சபையில் சொல்லிவிட்டு வடை தின்கிறார்கள்! கிருஷ்ணவேணிக்கு என்னவோபோல் இருந்தது. சுவரை விட்டு ஒரு அடி முன்னால் வந்தாள்.

"நாந்தான்," என்றாள்.

யார் காதிலும் விழவில்லை.

"நாந்தான் டாக்டரம்மா! தீப்பெட்டி ஆபீசுல மருந்து ரூமுக்குப் பின்னால கெடந்த சாக்க எடுத்தாந்து தொட்டியில அலசுனேன். வெள்ளையா உப்பு மாதிரி அப்பியிருந்துச்சு. தண்ணியக் கீழ ஊத்த மனசு வரல. ஒருத்தரும் மருந்து வைக்கல. நாந்தான்."

"அடி பாவி மட்ட!" என்று மாடத்தி நெஞ்சில் அறைந்துகொண்டாள். செண்பகராஜ் தொரட்டியைப் போட்டுவிட்டுக் கையை ஓங்கிக்கொண்டு வந்தான்.

"அண்ணாச்சி!" டாக்டரின் குரல் சாட்டை மாதிரி விழுந்தது. "பெறகு அடிக்கலாம். இப்போ மாட்டுத் தலையப் புடிங்க, ஊசி வெலகுது. புடிங்கன்னா புடிங்க!"

ஓங்கின கை அப்படியே மாட்டுக் கொம்புக்குப் போனது.

"குளோரேட்டு," என்று போனில் மூன்று நாலு பேர் ஒரே நேரத்தில் சொன்னார்கள். தீக்குச்சித் தலையில் சேர்க்கிற உப்பு அது. உள்ளே போனால் ரத்தம் காற்றைச் சுமக்கிற சக்தியை இழந்துவிடும். நெஞ்சு நிறைய மூச்சு வாங்கினாலும் உடம்புக்குப் போய்ச் சேராது. "நீல மருந்து வேணும். எங்கிட்ட இருக்கு, கெளம்பிட்டேன்," என்றார் ஹரிகிருஷ்ணன். "பிரியா, ஒரு தடவ ஏத்துனதும் தெளிஞ்சிரும், ஏமாந்துராத," என்றாள் பிரேமலதா. "அந்த உப்பு வயித்துல கெடந்து திரும்பத் திரும்ப வேலையக் காட்டும். பக்கத்துலயே இரு."

கார் வருகிறவரை பாட்டிலைத் தூக்கிப் பிடிக்கிற வேலையை டாக்டர் கிருஷ்ணவேணியிடம் கொடுத்தாள். வேண்டுமென்றேதான் கொடுத்திருப்பாள். பாட்டிலைப் பிடித்திருக்கிறவளை யாரும் அடிக்க முடியாதல்லவா?

"ஏம்மா, அங்கன எல்லாரும் இப்படித்தான் சொல்லிக்கிடுவியளா?" என்று கிருஷ்ணவேணி மெதுவாகக் கேட்டாள்.

"புதுசா வந்த மருந்து, புது நோயி, எல்லாத்துக்கும் பாடம் நடக்கும்க்கா. அதுக்கு முன்னால ஒரு வழக்கம். அந்த மாசம் கைய விட்டுப் போன கேச எந்திரிச்சி நின்னு சொல்லணும். முடிக்கிற வரைக்கும் யாரும் குறுக்க பேசக் கூடாது. முடிச்ச பெறகு மொதக் கேள்வி ஒண்ணே ஒண்ணுதான். அடுத்த தடவ என்ன செய்வ?"

"வெக்கமா இருக்காதா?"

"மொத தடவ அழுதுட்டேன். பேசாம இருந்துரலாம்னுதான் தோணும். ஆனா நம்ம நோயாளிக்கு வாய் கெடையாது பாருங்க. நாமளும் வாய மூடிக்கிட்டா அதுக்கு யாரு இருக்கா?"

ஹரிகிருஷ்ணன் தனியாக வரவில்லை. கூட்டத்திலிருந்து இன்னும் ரெண்டு டாக்டர்கள் காரில் தொற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். கூப்பிட்டவர் யாருமில்லை. பார்க்காத கேஸைப் பார்த்துவிட வேண்டும் என்கிற ஆசைதான். ஒருவர் தலைமுடி பூராவும் நரைத்த மனிதர், ரிட்டையர் ஆகப் போகிறவர். சலவைச் சட்டையோடு மாட்டு மூத்திரத்தில் மண்டிபோட்டு ஈறைத் தூக்கிப் பார்த்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி, "முப்பது வருசத்துல இப்போதான் பாக்கேன்வே" என்றார். கல்யாண வீட்டுக்குக்கூட மனிதர்கள் இவ்வளவு ஆசையாக வருவதில்லை. அந்த மனிதர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம் என்றிருந்தது கிருஷ்ணவேணிக்கு. கையில் பாட்டில் இருந்ததால் கும்பிட முடியவில்லை.

நீல மருந்து சொட்டுச் சொட்டாக ஏறியது. காப்பி நிறத்து ஈறு கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்து, பிறகு ரோஸ் நிறத்துக்கு வந்தது. பசு தலையைத் தூக்கி மாடத்தியின் முந்தானையை முகர்ந்தது. ஊர்க்காரர்கள் கைதட்டினார்கள். டாக்டர்கள் தட்டவில்லை. அவர்கள் எதிர்பார்த்த மாதிரியே மத்தியானத்துக்கு மேல் ஈறு மறுபடியும் கறுத்தது. மறுபடியும் ஏற்றினார்கள். மாடத்தி உலை வைத்து, கம்மஞ்சோறும் துவையலும் கொண்டுவந்தாள். நாலு டாக்டர்களும் வேப்பமர நிழலில் உட்கார்ந்து அதைத் தின்றுகொண்டே, எவ்வளவு ஏற்றினோம், எப்போது நிறம் மாறியது என்று தர்க்கம் பண்ணினார்கள்.

சாயங்காலம் பசு எழுந்து நின்றது. வாலைத் தூக்கி நிறையப் பெய்தது.

"ஆத்தாடி!" என்று மாடத்தி அலறினாள். "ஏட்டி வேணி, இங்கன வந்து பாரு. மாடு சொட்டு நீலம்லா மோளுது!"

காலையில் திட்டினதுக்குப் பிறகு மருமகளிடம் அவள் பேசின முதல் வார்த்தை அதுதான். அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள், செண்பகராஜைத் தவிர.

பசு பிழைத்தது. கன்று பிழைக்கவில்லை, பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துக் குறையாக விழுந்துவிட்டது. வயிற்றில் இருந்ததற்கும் மூச்சு எட்டியிருக்காது என்று டாக்டர் சொன்னாள். செண்பகராஜ் கிருஷ்ணவேணியோடு முகம் கொடுத்துப் பேச வெகுநாள் ஆனது. ஆனால் கோகுலகிருஷ்ணன் வீட்டுப் பக்கம் போகும்போது மட்டும் அவன் தலை தானாகக் குனிந்தது. ஆபீஸில் இப்போது வெற்றுச் சாக்கையெல்லாம் தனியாக அடைத்துப் பூட்டிவிடுகிறார்கள். டாக்டர்கள் நாலைந்து பேர் சேர்ந்து போய்ப் பேசியிருக்கிறார்கள். சாக்கை எடுத்தது யார் என்று முதலாளி எவ்வளவோ கேட்டும் அவர்கள் சொல்லவில்லையாம்.

அடுத்த கூட்டம் முடிந்த மறுநாள் பசுவைப் பார்க்க வந்த சத்யபிரியாவிடம் கிருஷ்ணவேணி கேட்டாள். "அங்கன என் பேரச் சொன்னியளா?"

"உங்க பேரு என்னத்துக்குக்கா? எந்திரிச்சி நின்னது நானு. அரை மணி நேரம் என்னோடதுல்லா."

கிருஷ்ணவேணிக்குக் கண் நிறைந்துவிட்டது. அதைக் காட்டாமல் பசுவுக்குத் தட்டை உருவிப் போட்டாள்.

வைகாசியில் ஒரு நாள் சாயங்காலம், வேனை விட்டு இறங்கி வீட்டுக்குள் நுழையும்போது சத்யபிரியாவிடமிருந்து போன் வந்தது. "அக்கா, ஒரு ஒதவி. குளத்தூர்ப் பக்கம் பிரேமலதா மேடம் ஒரு வீட்டுல நிக்காங்க. ஏழெட்டு ஆடு விழுந்துட்டு. அதே காப்பி நெறம். தண்ணியா தீவனமான்னு தெரியணும். தெரிஞ்சாத்தான் மிச்ச ஆட்டக் காப்பாத்தலாம். அந்த வீட்டுப் பொம்பளைக்கு என்னமோ தெரியும்போல. வாயத் தொறக்க மாட்டேங்கா. நீங்க பேசுதீங்களா?"

"நான் என்னத்தப் பேச?" என்றாள் கிருஷ்ணவேணி. பிறகு, "ஸ்பீக்கர்ல போடச் சொல்லாதீங்க. சுத்தி ஆளு நிக்கும். அவ காதுல மட்டும் குடுக்கச் சொல்லுங்க," என்றாள்.

லைன் மாறியது. மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"தாயி, என் பேரு வேணி. நான் தீப்பெட்டி ஆபீஸ் சாக்க மாட்டுத் தொட்டியில அலசி ரெண்டு ஆட்டக் கொன்னவ. கன்னுக்குட்டியும் போச்சு. ஊரே நிக்கையில சொன்னேன். எங்க வீட்டுக்காரவிய அடிக்க வந்தாவ. ஆனா மாடு பொழைச்சிட்டு. இப்பவும் எங்கிட்டத்தான் பால் கறக்க நிக்கி."

அந்தப் பக்கம் விசும்பல் கேட்டது.

"அங்கன நிக்காவள்லா ஒரு டாக்டரம்மா, அவிய ஒரு கழுதையக் கொன்னவிய. அவியளே சொல்லி நான் கேட்டேன். ஒன்னய ஒண்ணுஞ் சொல்ல மாட்டாவ."

"சாக்கு இல்லக்கா," என்றது அந்தக் குரல். "மொளகாய்க்கு அடிக்க உரம் கரைச்ச வாளி. கழுவாம அதுலயே ஆட்டுக்குத் தண்ணி வச்சிட்டேன். வீட்டுல சொல்லல."

"அத அப்படியே அந்த டாக்டரம்மாட்ட சொல்லு. நான் போன வைக்கல, இங்கனயே இருக்கேன்."

உள்ளேயிருந்து மாடத்தி எட்டிப் பார்த்தாள். "யாருட்டி போன்ல? வந்ததும் வராததுமா, கை கால்கூடக் கழுவாம?"

"ஒரு கேசு பாத்துக்கிட்டிருக்கேன் அத்த. சத்தங் காட்டாதிய."

மாடத்தி என்ன நினைத்தாளோ, வாயைப் பொத்திக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள். அங்கே அந்தப் பெண் அழுகைக்கு நடுவே வாளியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். குறுக்கே ஒரு ஆண் குரல் கத்தியது. "பெறகு கத்தலாம், இப்போ ஆட்டப் புடிங்க," என்று பிரேமலதா டாக்டர் அதட்டினாள். அந்தப் பெண் சொல்லி முடிக்கிறவரை கிருஷ்ணவேணி போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.